உடற்குறையுடைய மாணவரும் உயர்கல்வியும்

கல்லூரியொன்றில் மாணவனுக்கு இடம் அளித்தல் வேறு. அவன் அங்கே கற்பதற்கு வழி அளித்தல் வேறு. அனுமதிப் பட்டியலிற் பெயர் இடம்பெற்ற பின்னரும் விரிவுரை மண்டபம் மூன்றாம் மாடியில் இருக்குமாயின், நடக்கவியலாத மாணவனுக்கு அவ்வனுமதி வெறுங் கடதாசியே. குறை மாணவனின் காலில் உள்ளதா, கட்டடத்தின் படியில் உள்ளதா என்னும் வினா இங்கே எழுகின்றது. நெடுங்காலமாக உலகம் முன்னதையே விடையாகக் கொண்டிருந்தது. பின்னதே பொருத்தமான விடை என்பதை நடைமுறையிற் காட்டிய இடங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகம். 1962ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறையப் பத்தாண்டுக் காலத்தில் அங்கு நிகழ்ந்தவை கல்லூரி நடத்துவோர் யாவரும் அறியத்தக்கன.

எட்வேட் றொபேட்ஸ் என்பார் 1939இற் பிறந்தவர். 1953இல், தமது 14ஆம் வயதில், இளம்பிள்ளைவாதத்தாற் பீடிக்கப்பட்டார். சோல்க் கண்ட தடுப்பு மருந்து பயனுடையதென அறிவிக்கப்பட்டது 1955இலாகும். நோய் இரண்டாண்டுகள் முந்திக்கொண்டது. கழுத்துக்குக் கீழே ஒரு கையின் இரு விரல்களும் கால்விரல்கள் சிலவுமே அசைந்தன. மூச்சுத் தசைகளும் செயலிழந்தமையால் ‘இரும்பு நுரையீரல்’ எனப்படும் பொறியினுள் அவர் வாழ நேர்ந்தது. இப்பொறியில் நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்க, உடல் முழுவதும் காற்றுப் புகாத உருளைக் கலத்தினுட் கிடக்கும். கழுத்தைச் சுற்றி இறப்பர்ப் பட்டி இறுக்கியிருக்கும். துருத்தி இழுக்குங்கால் கலத்தினுள் அமுக்கம் குறையும், மார்பு விரியும், மூக்கின் வழியே காற்று உட்செல்லும். துருத்தி மீளுங்கால் மார்பு ஒடுங்கி மூச்சு வெளியேறும். பகலிற் சில மணி நேரம் இப்பொறியின்றி இருக்கும்பொருட்டு, தவளையைப் போலக் காற்றை மிடறு மிடறாக விழுங்கும் முறையொன்றை றொபேட்ஸ் பயின்றார். இரவிற் பொறியே துணை.

பள்ளிப் படிப்பைத் தொலைபேசி இணைப்பின் மூலம் வீட்டிலிருந்தே தொடர்ந்தார். படிப்பு முடிவுற்ற வேளை விந்தையானதொரு தடை எழுந்தது. உடற்பயிற்சி, மோட்டார் வாகனம் ஓட்டுதல் என்னும் இரண்டிலும் அவர் தேறவில்லையாதலின் சான்றிதழ் வழங்கவியலாது என்றனர் பள்ளி அதிகாரிகள். விரல் இரண்டு மாத்திரம் அசையும் ஒருவரிடம் வாகனப் பயிற்சிச் சான்று கேட்கும் விதி, விதியன்று, விதியின் நிழல். அவருடைய அன்னையார் சோனா கல்விச் சபை வரை சென்று வாதாடியபின் அத்தடை நீங்கிற்று.

சான் மட்டேயோக் கல்லூரியிற் பயின்றபின் பேர்க்கிலிக்கு விண்ணப்பித்தபோது இரு திசைகளிலிருந்து எதிர்ப்பு வந்தது. மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களம், இவர் எக்காலத்தும் தொழில் பார்க்கப் போவதில்லை என்று கூறிப் பணவுதவியை மறுத்தது. செய்தி பத்திரிகைகளில் வெளியானபின்னரே இணங்கிற்று. பல்கலைக்கழகமும் தயங்கிற்று. தயக்கத்துக்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று உண்மையானதே. இரும்பு நுரையீரல் ஏறத்தாழ 800 இறாத்தல் நிறையுடையது; மாணவர் விடுதி அறைகள் அதற்கு ஏற்றனவல்ல. அவ்வேளை பல்கலைக்கழகச் சுகாதார சேவையின் பணிப்பாளராயிருந்த மருத்துவர் ஹென்றி புறூயின், வளாகத்திலிருந்த கௌவெல் மருத்துவமனையின் ஒரு பகுதியைத் தர முன்வந்தார். அது நோயாளர் விடுதியாகவன்றி மாணவர் விடுதியாகவே நடத்தப்படல் வேண்டும் என்னும் நிபந்தனையுடன் றொபேட்ஸ் அதனை ஏற்றார். 1962ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் பேர்க்கிலியிற் சேர்ந்தார். அதே பருவத்திலேதான் ஜேம்ஸ் மெரடித் என்னும் கறுப்பின மாணவர் கூட்டரசுப் படையினரின் காவலுடன் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துட் புகுந்தார். இரு வாயில்களும் ஒரே பருவத்தில் திறந்தமை தற்செயலாயினும் கருதத்தக்கது.

1963இல் யோன் ஹெஸ்லர் என்னும் மற்றொருவர் வந்து சேர்ந்தார். கழுத்தெலும்பு முறிந்து அவயவங்கள் செயலிழந்தவர் அவர். அந்தப் பத்தாண்டின் இறுதியிற் கௌவெலில் ஏறத்தாழ 12 பேர் இருந்தனர். ‘உருளும் நால்வாதர்’ என்று பொருள்படும் கேலிப் பெயரொன்றை அவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டனர். பெயர்களைப் பற்றி இங்கு ஒன்று கூறுதல் தகும். தமிழிலே ‘முடவர்’ என்றது போய் ‘வலது குறைந்தோர்’ என்றாகி, இந்நாளில் ‘மாற்றுத்திறனாளிகள்’ என்றாகியுள்ளது. மதிப்புடைய சொல் வழங்கப்படுதல் நன்றே. ஆயின் படிக்கட்டு மாறாதிருக்கச் சொல் மட்டும் மாறுமிடத்து, மாடியேற முடியாதவர் முன்போலக் கீழேதான் நிற்பர்.

கௌவெலில் ஒருங்கு வாழ்ந்தமையால் அம்மாணவர் ஓர் உண்மையை உணர்ந்தனர். தத்தம் தனித்துயரெனக் கருதியவை எல்லோர்க்கும் பொதுவாயிருந்தன. அவை நோயாலன்றி ஏற்பாடின்மையால் விளைந்தவை. மருத்துவமனை மாடி, எத்துணை அன்புடன் நடத்தப்படினும், ஒதுக்கிவைத்த இடமே என்பதையும் கண்டனர். வெளியே நகரில் ஏனைய மாணவரைப் போல வாழ யாது வேண்டும் என்று தாமே ஆராய்ந்தனர். அதன் பயனாக, கூட்டரசின் நிதியுதவியுடன் 1970இல் ‘உடற்குறையுடைய மாணவர் திட்டம்’ தொடங்கிற்று. ஹெஸ்லரே அதன் முதற் பணிப்பாளர்.

இத்திட்டம் செய்த வேலைகள் பார்வைக்கு மிக எளியன. சக்கர நாற்காலி வேலைத்தலம் ஒன்று நடத்தப்பட்டது. மின்கல நாற்காலி பழுதானால், அதைத் திருத்தும்வரை உரியவர் கட்டிலிற் கிடக்க வேண்டும். மூன்று நாட் கிடந்தால் மூன்று நாள் விரிவுரை போயிற்று. எனவே திருத்துபவன் அருகிலிருத்தல் நூலகம் அருகிலிருத்தலுக்கு ஒப்பாகும். படியில்லாத வாடகை வீடுகளின் பட்டியல் ஒன்று பேணப்பட்டது. கண்பார்வை அற்றோர்க்கு நூல் வாசிப்போர் தேடித் தரப்பட்டனர். இவையனைத்தினும் முக்கியமானது உதவியாளர் முறை. எழுப்பி இருத்தல், குளிப்பாட்டல், உணவூட்டல் முதலியவற்றுக்கு ஆள் வேண்டும். முன்னர் அவ்வாளைக் குடும்பமோ மருத்துவமனையோ நியமிக்கும். எப்பொழுது எழுவது, எப்பொழுது உறங்குவது என்பதை அவர்களே முடிவு செய்வர். இத்திட்டத்தில் உதவியாளரைத் தெரிபவரும், வேலை ஏவுபவரும், வேண்டாதபோது விலக்குபவரும் மாணவரே. இரவு 11 மணிவரை நூலகத்திலிருக்க விரும்பினால் இருக்கலாம். தாதியின் கடமைநேரம் முடிவதற்குள் படுக்கைக்கு மீளவேண்டிய கட்டாயம் இல்லை. பிறர் கையால் ஒன்றைச் செய்வித்துக்கொள்வது அடிமைத்தனமாகாது. யார், எப்பொழுது, எவ்வாறு செய்வது என்பதைப் பிறர் முடிவு செய்வதே அடிமைத்தனம் என அவர்கள் கொண்டனர். சுயாதீனம் என்னும் சொல்லுக்கு இதனினுஞ் செம்மையான விளக்கம் காண்டல் அரிது.

மாணவரல்லாதாரும் உதவி நாடி வரவே, 1972இல் சுயாதீன வாழ்வு நிலையம் நகரில் நிறுவப்பட்டது. அக்காலத்திலேயே நடைபாதை விளிம்புகளைச் சரிவாக்கும் வேலையும் பேர்க்கிலி நகரிற் பெருகியது. அச்சரிவுகளைக் குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும் சரக்கு வண்டிக்காரரும் உடனே பயன்படுத்தலாயினர். எனினும் இங்கு ஒரு சிக்கல் உண்டு. பார்வையற்றவர் தம் கோலால் தட்டி, நடைபாதை முடிந்து வீதி தொடங்குவதை அறிவது அந்த உயர்ந்த விளிம்பினாலேயே. விளிம்பு மறைந்தால் அவர் அறியாமலே வாகனங்களின் இடையே சென்றுவிடக்கூடும். ஒருவர்க்கு வழியாவது மற்றொருவர்க்கு ஆபத்தாயிற்று. ஜப்பானில் 1967இல் ஒக்காயாமா நகரில் முதன்முதற் பதிக்கப்பட்ட, காலால் உணரத்தக்க புடைப்புக் கற்கள் இதற்குத் தீர்வாயின. சரிவின் அடியில் அவற்றைப் பதித்தால் இருவர்க்கும் பொருந்தும். உடற்குறை என்பது ஒரு தன்மைத்தன்று. ஆதலின் உதவியும் ஒரே அச்சில் வார்க்கப்படலாகாது.

அமெரிக்காவில் 1973இல் நிறைவேறிய புனர்வாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, கூட்டரசுப் பணம் பெறும் எந்நிறுவனமும் உடற்குறை காரணமாக ஒருவரை விலக்கலாகாது என விதித்தது. ஒழுங்குவிதிகள் கையொப்பமிடப்படாது கிடந்தமையால், 1977 ஏப்பிரலிற் சான் பிரான்சிஸ்கோ அரசாங்க அலுவலகத்தில் உடற்குறையுடையோர் மூன்று வாரங்களுக்கு மேலாக அமர்ந்து போராடினர், விதிகள் ஒப்பமிடப்பட்டன. இதற்கு முன்னரே, 1975இல், ஆளுநர் ஜெறி பிறவுண் றொபேட்சை மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக நியமித்திருந்தார். இவருக்குத் தொழில் வாய்க்காது என்று எழுதிய அதே திணைக்களம் அது. 1995இல் அவர் மறைந்தார்.

இலங்கையில் இரத்மலானைச் செவிப்புலன், கட்புலன் அற்றோர் பாடசாலை 1912இல் தொடங்கியது. உடற்குறையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் இலகுவாக நுழைவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகளின் சமவாயம் 2016இல் ஏற்கப்பட்டது. போரினாலும் கண்ணிவெடியினாலும் அவயவம் இழந்தோர் பலருள்ள வடக்கிலும் கிழக்கிலும் இவை ஏட்டளவில் நிற்பின் இழப்பு இரட்டிப்பாகும்.

செலவைக் காட்டித் தயங்குவோர் உளர். உடற்குறையுடைய மாணவர் ஒருவர் உள்ள வகுப்பை மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டுவது நேரசூசியில் ஒரு திருத்தம் மட்டுமே. சாய்தளத்துக்குச் செலவுண்டு, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. இதனினுங் குறைந்த நீளத்திற் கட்டப்பட்ட செங்குத்தான சாய்தளங்கள் பலவிடங்களிற் காணப்படுகின்றன. அவற்றில் நாற்காலி தானே ஏறாது, இறங்கும்போது நில்லாது. முகப்பில் அழகிய சாய்தளம் அமைத்து, மலசலகூடக் கதவை 24 அங்குல அகலத்தில் விட்டுவிடுதலும் உண்டு. சக்கர நாற்காலி தடையின்றிச் செல்ல 32 அங்குலமேனும் திறப்பு வேண்டும். அக்கதவு அகலமில்லாத கல்லூரியிற் பயிலும் மாணவி, காலையிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாது இருக்கின்றாள்.