சாவடி தாண்டி மதுரைக்கு

‘சாவடி’ என்னும் சொல் கரைக்குக் கரை வேறு பொருள் கொண்டு நிற்கிறது. பாண்டி நாட்டுச் சிற்றூர்களில், வழிப்போக்கன் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறிய இடம் சாவடி. ஊர்ப் பெரியோர் கூடி வழக்குத் தீர்த்த இடமும் அதுவே. மன்னார்த் தீவிலே, எங்கள் கீரியிலே, அச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது வேறொன்று. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியின் அக்கரையில், தள்ளாடியில், போர்க்காலத்தில் அடையாள அட்டையைக் கையிற் பிடித்தபடி வெயிலில் வரிசையாக நின்ற சோதனைச்சாவடி அது. இன்றைய தமிழகத்துப் பத்திரிகைகளைப் புரட்டினாலோ, சாவடி என்றால் சுங்கச்சாவடிதான். இளைப்பாற இடம் தந்த சொல் வழிமறிக்கும் சொல்லாக ஆனது எவ்வாறு என்ற வினா, ஒரு சிறு பயணத்துக்குத் திட்டமிட்டபோது என் முன் வந்து நின்றது.

வருகிற விடுமுறையில் மூன்று நாள் மதுரைக்குச் சென்று வருவதென்று எங்கள் வாசகர் வட்டத்தில் ஆறு பேர் முடிவு செய்திருக்கிறோம். மூவர் ஆசிரியர், ஒருவர் ஓய்வு பெற்ற அதிபர், இருவர் மாணவர். எங்கள் பாட்டன்மாருக்கு மதுரை அயலூர். தலைமன்னார்த் துறையிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி ரயிலைப் பிடித்தால் முடிந்தது; கடல் முப்பது கிலோமீற்றர் அளவே. 1914 இல் தொடங்கிய அந்தப் போட்மெயில் வழி, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளின் போர்ச் சூழலில் நின்றுபோயிற்று. இன்று கீரியிலிருந்து மதுரைக்குப் போக விரும்புகிறவன், மதுரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்நூறு கிலோமீற்றரை ஒட்டிய தூரம் தெற்கே கட்டுநாயக்கா சென்று, அங்கிருந்து விமானத்தில் ஏறி வடக்கே திரும்ப வேண்டும். வானத்திற் செல்லும் நேரம் ஒரு மணியை ஒட்டியது. தரையில் அலையும் நேரமோ ஒரு நாள்.

முதல் நாள் மீனாட்சியம்மன் கோயிலுக்கும், அதனைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரியும் ஆடி, சித்திரை, ஆவணி, மாசி வீதிகளுக்கும் உரியது. மாதங்களின் பெயரை வீதிகளுக்கு இட்டு, ஆண்டையே ஊராகக் கட்டிவைத்த நகரை வண்டியிற் பார்ப்பது வீண். நடந்தே பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் 1636 இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலும், கோயிலின் கிழக்கே நிற்கும் புதுமண்டபமும். மூன்றாம் நாள் ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கு ஒரு வாடகை வண்டி அமர்த்துவதென்று பேசி, போகும் பாதையைப் படத்திற் பார்த்தோம். மதுரையிலிருந்து தென்மேற்கே நான்கு வழிச் சாலையில் திருமங்கலம். அங்கிருந்து பிரிந்து இராசபாளையம் செல்லும் சாலை. திருமங்கலத்தை எட்டுமுன் கப்பலூர். அங்கேதான் நிற்கிறது அந்தச் சுங்கச்சாவடி.

கப்பலூர்ச் சாவடி தமிழகத்திற் பேர்பெற்றது. திருமங்கலம் நகராட்சியின் எல்லைக்கு மிக அருகில் அது அமைந்திருப்பதால், திருமங்கலத்தார் மதுரைக்குச் சென்று மீள்வதே சுங்கத்துக்குரிய பயணமாகிறது. இராசபாளையம், தென்காசிப் பக்கம் செல்வோரின் குறை இன்னொன்று: நான்கு வழிச் சாலையிற் சில கிலோமீற்றர் ஓடித் திருமங்கலத்திற் பிரிந்துவிடும் எங்களுக்கு முழுக்கட்டணம் எதற்கு என்கின்றனர். பல ஆண்டுகளாக மறியலும் பேச்சுவார்த்தையும் மாறி மாறி நடந்து வந்தன. 2024 ஜூலையில் உள்ளூர் வாகனங்களும் பாதிக் கட்டணம் செலுத்த வேண்டுமென்று அறிவிக்கப்பட்டபோது, திருமங்கலத்தில் கடைகள் அடைக்கப்பட்டன. 2025 ஜூலையில் இன்னொரு விந்தை. அரசுப் பேருந்துகள் செலுத்தவேண்டிய சுங்கப் பாக்கி 276 கோடி ரூபாய் ஏறிவிட்டதென்று வழக்குச் சென்று, கப்பலூர் உள்ளிட்ட நான்கு சாவடிகளில் அப்பேருந்துகளை விடக்கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் அது ஒத்திவைக்கப்பட்டது. அரசே கடனாளியாய் நிற்கும் வாயிலில் தனி மனிதன் மட்டும் உடனுக்குடன் கொடுத்துவிட்டுப் போகவேண்டியிருக்கிறது!

இதனை வாசித்துக் காட்டியபோது எங்கள் வட்டத்திலே கருத்து இரண்டாயிற்று. “நல்ல றோட்டில் போகிறவன் காசு கொடுப்பதில் என்ன பிழை? நாங்கள் ஒருநாள் போய் வருகிறவர்கள். கொடுத்துவிட்டுப் போவோம்” என்றார் அதிபர். அப்பொழுது வாசலில் வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த சம்மாட்டியார் ஒருவர், நிமிர்ந்து பாராமலே கேட்டார்: “நாளைக்கு எங்கடை பாலத்திலை ஒரு பெட்டியைப் போட்டுக் காசு கேட்டால், அப்பவும் குடுப்பியளோ மாஸ்டர்?”

அதிபரிடம் அதற்கு விடையில்லை. எங்களிடமும் இருக்கவில்லை. 2010 இல் திறக்கப்பட்ட புதுப்பாலத்தையும் தாம்போதியையும் விட்டால் எங்களுக்கு வேறு தரைவழி கிடையாது. வயலுக்குப் போகிறவனும், வவுனியாவிற் படிக்கிற பிள்ளையும், மடுமாதா திருவிழாவுக்குப் போகிற குடும்பமும், கொழும்புக்கு மீன் ஏற்றும் கூலர் லொறியும் அதன் வழியேதான் போக வேண்டும். அங்கே ஒரு கட்டணம் வருமாயின், அது பயணத்துக்குரிய கட்டணமாயிராது. தீவிற் பிறந்ததற்குரிய கட்டணமாகவே இருக்கும்.

சுங்கம் தமிழனுக்குப் புதிதன்று. அதன் பழம்பெயர் ‘உல்கு’. வள்ளுவர் அதனை அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வைத்தார். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர் பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்ட காட்சியைத் தருகிறது. பெரும்பாணாற்றுப்படையோ நேராகத் தரைவழிச் சுங்கத்துக்கே வந்துவிடுகிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து செல்லும் உல்குப் பெருவழியையும், அதனைக் காத்து நின்ற வில்வீரரையும் அங்கே காண்கிறோம். இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உல்கு வாங்கியவன் காவலும் தந்தான். கொடுத்தவன் வணிகன், கொடுத்தது விற்பனைப் பண்டத்தின் பொருட்டு. அடுத்த ஊரில் மகளைப் பார்க்கச் சென்ற கிழவியிடம் வில்லேந்திய வீரன் உல்கு கேட்டதாகப் புலவர் பாடவில்லை.

அரசர்களின் விருதுப் பெயர்களைப் பாருங்கள். கங்கை கொண்டவன், கடாரம் கொண்டவன் என்று கொண்டவர் பெயரே மிகுதி. ‘தவிர்த்தவன்’ என்று பெயர் பெற்றவன் முதலாம் குலோத்துங்கன். 1070 இல் அரியணை ஏறிய அவனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று கல்வெட்டுக்கள் சொல்லுகின்றன. கலிங்கத்தை வென்ற கதை பரணியாகப் பாடப்பெற்றது. ஆயினும் மக்கள் வாயில் நின்றது சுங்கம் நீக்கிய பேர்தான். (எங்கள் மாதோட்டத்து வணிகர்க்கு அந்தச் சலுகை வாய்க்கவில்லை. சோழர் காலத்தில் இராசராசபுரமென்று பெயர் தாங்கிய ஊர்தான் அது. சீனத்துப் பாண்டமும் பாரசீகத்துப் பாண்டமும் அதன் மண்ணிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அதே 1070 இல் விசயபாகு பொலன்னறுவையைக் கைப்பற்றிச் சோழராட்சியை இலங்கையில் முடித்துவிட்டான்.)

கப்பலூர் வழியே தெற்கே இறங்கும் அந்தச் சாலைக்கும் ஓர் அரசியின் நினைவு உண்டு. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியைச் செப்பனிட்டு மரம் நாட்டிச் சத்திரம் கட்டினாள் என்பது பாண்டி நாட்டார் மறவாத வரலாறு. ‘மங்கம்மாள் சாலை’ என்ற பேர் இன்றும் வழங்குகிறது. மதுரை ரயில் நிலையத்தின் எதிரே அவள் பெயராற் சத்திரமும் இருக்கிறது. மரநிழலும் சத்திரமும் தந்த வழியிலே இன்று நிழல் தருவது சுங்கச்சாவடியின் கூரை.

இலங்கையிலும் சுங்கச் சாலை உண்டு. 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலிக்குத் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலைதான் முதலாவது. அதனை எதிர்த்துக் கடையடைத்த ஊரைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. காரணம் எளிது. அது புதிதாகப் போடப்பட்ட தனிச் சாலை; பழைய காலி வீதி கட்டணமின்றிக் கடலோரமாக அப்படியே கிடக்கிறது. விரைந்து போக விரும்புகிறவன் காசைக் கொடுக்கிறான். விரும்பாதவன் கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போகிறான். தமிழகத்தில் நடந்தது வேறு. முன்பே இருந்த தேசிய நெடுஞ்சாலைதான் அகலமாக்கப்பட்டது. ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியே கட்டண வழியாயிற்று. பக்கத்திலே வேறு பழைய சாலை இல்லை, ஏனெனில் பழைய சாலை அதுவேதான். காலிக்கும் கப்பலூருக்கும் உள்ள வேறுபாடு ரூபாய்க் கணக்கில் இல்லை. ஒன்றில் வாயில் விருப்பத்தின்மேல் நிற்கிறது. மற்றதில் நாள்வழக்கத்தின்மேல் நிற்கிறது. சம்மாட்டியார் கேட்டதும் இதைத்தான்.

வேல்ஸ் நாட்டிலே 1839 முதல் 1843 வரை நடந்த கிளர்ச்சி இவ்வகையினதே. நிலத்துக்கு உரமிடச் சுண்ணாம்பு ஏற்றி வந்த உழவன் ஒரே பயணத்திற் பல வாயில்களில் சுங்கம் கட்ட நேர்ந்தது. இரவிலே ஆடவர் பெண்ணுடை அணிந்து, ‘ரெபேக்கா’ என்று பெயரிட்ட தலைவியின் பின்னே சென்று, வாயில்களைக் கோடரியால் தகர்த்தனர். விவிலியத்திலே ரெபேக்காவை மணமகளாக வழியனுப்பியோர், அவளுடைய வழித்தோன்றல்கள் பகைவரின் வாயில்களைக் கைப்பற்றுவர் என்று வாழ்த்திய இடத்திலிருந்து எடுத்த பெயர் அது. விசாரணைக் குழு அமைந்தது. 1844 இற் சட்டம் திருத்தப்பட்டது. நம் காலத்திலேயே ஸ்கொத்லாந்தின் ஸ்கை தீவுக்கு 1995 இற் பாலம் கட்டிச் சுங்கம் வைத்தார்கள். தீவார் கொடுக்க மறுத்து வழக்குக்கு மேல் வழக்காக நீதிமன்றம் ஏறினர். 2004 டிசம்பரில் அந்தச் சுங்கம் ஒழிந்தது. தீவார் என்பதனால் அவர்கள் கதை எனக்கு நெருக்கமாயிருக்கிறது.

இந்தியச் சட்டம் இதனை அறியாததன்று. 2008 ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், நகராட்சி எல்லையிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாலேதான் சாவடி அமைய வேண்டும் என்கின்றன. காரணத்தை எழுத்திற் பதிந்தால் அத்தூரம் குறையலாமென்று ஒரு விலக்கும் வைத்திருக்கின்றன. இருபது கிலோமீற்றருக்குள் வாழ்பவருக்கு மாத அட்டைச் சலுகையும் உண்டு. ஆக, ஊரானும் வழிப்போக்கனும் ஒருவரல்லர் என்பதை விதி எழுதியவரே ஒப்புக்கொண்டிருக்கின்றனர். ஒப்புக்கொண்ட உண்மைக்கு விலக்கைப் பெரிதாக்கி விதியைச் சிறிதாக்குவதே வழக்கமானால், திருமங்கலத்தார் சாலையில் வந்து அமர்வதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பயணத்துக்கு மீள்கிறேன். வாடகை வண்டியிற் போவோர்க்குப் பயன்படுமென்று சிலவற்றைச் சொல்லலாம். வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் பாஸ்டாக் அட்டை 2021 பெப்ரவரி முதல் கட்டாயம். அஃதின்றிச் செலுத்தினால் கட்டணம் கூடும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்புகிறவருக்கு இருவழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கே. வண்டியை அமர்த்தும்போதே சுங்கம் வாடகையிற் சேர்ந்ததா, தனியா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் நாங்கள் வண்டியைக் கைவிட்டுவிட்டோம். மதுரையிலிருந்து செங்கோட்டை செல்லும் ரயில் திருமங்கலம், விருதுநகர், சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போகிறது. வழியிற் சாவடி இல்லை. இத்திட்டத்தை முதலிற் சொன்னவர் அதிபர்தான். மாணவர் இருவர் மட்டும் ஒரு திருத்தம் கேட்டார்கள். திரும்பும்போது திருமங்கலத்தில் இறங்கி, ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கடையடைத்த அந்த நாளைப் பற்றி ஊராரிடமே கேட்டறிய வேண்டுமாம். மகாலில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து அதற்கு இடம் வைத்திருக்கிறோம்.