பேரிளம்பெண்ணுக்குப் பின்: மாதவிடாய் நிறைவும் நோன்புக் காலமும்

உலா இலக்கியம் பயில்வோர் பெண்ணின் ஏழு பருவங்களை நன்கறிவர். பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடியும் அவ்வரிசைக்குப் பாட்டியல் நூல்கள் வகுத்த மேலெல்லை நாற்பது வயது. அதற்குப் பின் பெண்ணுக்குப் பருவப்பெயர் இல்லை. பாட்டுடைத் தலைவனைக் கண்டு மயங்குவதற்கு வகுத்த வயதே அது என்பதால், புலவர்களைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயினும் பெயரில்லாத அந்தப் பருவத்தில்தான் பெண்ணுடல் மற்றுமொரு பெரிய மாற்றத்தைக் கடக்கிறது. நம் இல்லங்களிலும் அதுபற்றிய பேச்சு இல்லை. ரமளானும் பெருநாளும் வந்து போகும் நாட்களில் அந்த மௌனத்தால் அல்லலுறுவோர் வீட்டின் மூத்த பெண்களே.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருப்பின் அதனை மாதவிடாய் நிறைவு என்று மருத்துவர் கொள்வர். பெரும்பாலோர்க்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நிகழும். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, சூலகங்களில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறியும் இறங்கியும் தடுமாறத் தொடங்கும். மூளையில் ஹைபோதலாமஸ் என்னும் பகுதி உடல் வெப்பத்தைக் காக்கும் காவலாளி. ஈஸ்ட்ரோஜன் குறையவே அக்காவலாளி சிறு வெப்ப உயர்வையும் பெருங்கேடென மயங்கி, தோலின் குருதிக் குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்கிவிடுகிறான். முகமும் மார்பும் தீப்பட்டாற்போல் காந்தும். சில நிமிடங்களில் தணிந்து உடல் சில்லிடும். சிலருக்கு இது விரைவில் ஓயும். ஏழாண்டுகளும் அதற்கு மேலும் நீடிப்பதும் உண்டு. உறக்கக் குறைவு, மூட்டு வலி, மறதி, காரணமின்றி வரும் சினம் ஆகியவையும் உடன்வரக்கூடும்.

இனி நோன்புக்கு வருவோம். இளம்பெண்ணுக்கு ரமளானில் மாதவிடாய் நாட்களில் விலக்குண்டு. விடுபட்ட நோன்புகளைப் பின்னர்க் களாச் செய்வாள். மாதவிடாய் நின்ற பின்னரோ முழு மாதமும் இடையறாது வரும். அதனைப் பேறெனக் கருதி மகிழும் தாய்மார் பலரை நாம் அறிவோம். எனினும், உடல் வெப்பத்தைத் தாங்க இயலாத அதே ஆண்டுகளில்தான் அந்த இடைவெளியற்ற நோன்பும் தொடங்குகிறது என்பதை வீட்டார் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 13 மணி நேரம் நீரருந்தாத உடல், அஸருக்குப் பின் அடுப்பின் முன் நிற்கிறது. உடலின் வெப்பம் இயல்பாகவே உயர்ந்திருப்பதும் அந்த மாலைப்பொழுதில்தான். 2018, 2019ஆம் ஆண்டுகளில் ரமளான் கத்திரி வெயிலில் வந்தது. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னகர்ந்து இப்போது பனிக்காலத்தை நோக்கிச் செல்கிறது. அடுப்புக்கு மட்டும் பனிக்காலம் இல்லை.

நம் உறவில் மூத்த மாமி ஒருவர் இருந்தார். வடை சுட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து கொல்லைக்குச் சென்று, கிணற்று நீரை அள்ளி முகத்தில் அறைந்துகொண்டு திரும்புவார். கேட்டால், "ஒளுச் செய்யப் போனேன்" என்பார். ஒரே மாலையில் நான்கு முறை ஒளு எதற்கென்று ஆண்மக்கள் எவரும் கேட்டதில்லை. நாமும் கேட்கவில்லை, நமக்கு அந்த வயது வந்த பின்னரே விளங்கிற்று.

உணவைப் பொறுத்தவரை, நம் நோன்புக் கஞ்சிக்கு இணையில்லை. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கலந்து, நீரையும் ஊட்டத்தையும் ஒருங்கே தருவது அது. சற்று ஆறவிட்டு அருந்துதல் நலம். உடன்வரும் காரமும் கொதிக்கும் தேநீருமே பலருக்கு வெப்ப எழுச்சியைத் தூண்டுவன. இரவில் நீரை ஒரேயடியாக அருந்தாமல் ஸஹர் வரை பகிர்ந்து அருந்துக. எலும்பு தேயும் வேகம் மாதவிடாய் நின்ற முதற்சில ஆண்டுகளில் மிகுதி. இப்பருவப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேலுண்டு. பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியன மீதியை நிரப்பும்.

உறக்கம் பெரிய சிக்கல். தராவீஹ் முடிந்து படுத்தவரை வியர்வை எழுப்பும். சற்றே கண்ணயர்ந்தால் ஸஹர் எழுப்பும். கைலூலா என்னும் நண்பகல் துயில் இவர்களுக்கு மருந்தாகும். ஸஹருக்கு அடுப்பு மூட்டும் பொறுப்பைப் பிள்ளைகள் ஏற்றால் என்ன? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுப் பணிகளில் உதவினார்கள் என்பதை மேடைதோறும் கேட்கிறோம். அவ்வுரை அடுப்படி வரை எட்டுவதில்லை.

உதிரப்போக்கு தாறுமாறாகும் ஆண்டுகளில் தொழுகை, நோன்பு பற்றி ஐயங்கள் எழும். ஹைளின் மேலெல்லை ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள், ஷாஃபி மத்ஹபில் 15 நாட்கள். அதற்கு மேற்பட்டது இஸ்திஹாளா, அது நோன்பைத் தடுப்பதன்று. இதனை ஆலிமாக்களிடம் கேட்டறியும் பெண்கள், மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் கேளாது விடுகின்றனர். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு துளி உதிரம் கண்டாலும், பெருநாள் கழியட்டும் என்று தள்ளிப்போடலாகாது. பெரும்பாலும் காரணம் எளியதாகவே இருக்கும். ஆனால் சிலருக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயின் முதல் அடையாளம் அதுவே. தொடக்கத்தில் கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. கூச்சத்தால் இழக்கலாகாத நாட்கள் அவை.

வேதனை மிகுந்தோர்க்கு ஹார்மோன் மருத்துவமும் உண்டு. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றால் அதன்மீது பேரச்சம் பரவிற்று. 60 வயதுக்குட்பட்ட, வேறு தடையில்லாத பெண்கள் பலர்க்கு அதன் தீங்கினும் நன்மை மிகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே கூறுவர். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மாத்திரை உண்போர் ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு வேளைகளை மாற்றி வாங்குக. தாமே நிறுத்துதல் கூடாது. நோயுற்றோர் பிறிதொரு நாளில் நோற்கலாம் என்று திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் சலுகை அளித்திருக்க, அதனைப் பெறத் தயங்குவோர் பெரும்பாலும் பெண்களே.

பிறை கண்ட இரவில் அடுப்படி உறங்குவதில்லை. பிரியாணித் தேக்சாவை ஆண்கள் இறக்கட்டும். சரிகைப் பட்டுக்கும் நைலான் புர்காவுக்கும் மாறாகப் பருத்தி உடுத்தலாம். நம் வீட்டில் சில ஆண்டுகளாக அஸருக்குப் பின் வடை சுடுவோர் ஆண்மக்கள். கருகிய வடையோடு நோன்பு திறந்த நாட்களும் உண்டு.