ஆச்சியின் கம்மலும் ஆறு அங்குலத் தட்டும்

சகோதரிகளே, உங்கள் நகைப் பெட்டியின் அடியில் ஓர் ஒற்றைக் கம்மல் கிடக்கிறதா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். பஞ்சில் சுற்றி, பழைய குங்குமச் சிமிழில் போட்டு, "ஜோடி கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம்" என்று வருஷக்கணக்காக வைத்திருப்பீர்கள். தொலைந்த கம்மல் நம்மை விட்டுப் போனாலும் போகும். அதைப் பற்றிய சந்தேகம் இருக்கிறதே, அது லேசில் போகாது.

ஆடித் தபசுக்காகச் சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தேன். அங்கே என் அத்தை இருக்கிறாள். ஊரே அவளை ஆச்சி என்றுதான் கூப்பிடும். ஒரு பாதி சிவனாகவும் மறு பாதி திருமாலாகவும் நிற்கிற சங்கரநாராயணரைத் தரிசித்து, கோமதியம்மன் சந்நிதியில் வணங்கி, புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். அத்தையின் காதைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். இரண்டு காதிலும் வேப்பங்குச்சி! அறுபது வருஷமாக அந்தச் சிவப்புக் கல் கம்மல் இல்லாமல் அவளை நான் மட்டுமல்ல, யாருமே பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். சித்திரை மாதம் ஒரு நாள் விடியற்காலை, அத்தையின் மல்லிகைத் தோட்டத்தில் நாலு பெண்கள் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அத்தையும் கூடவே நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி குடிக்க வீட்டுக்கு வந்தபோது வலது காதில் கம்மல் இல்லை, திருகும் இல்லை. ஓட்டமாக ஓடி வரப்பெல்லாம் தேடினார்கள். பிறகு அத்தை ஒரு காரியம் செய்தாள். பூப் பறித்தவர்கள் நாலு பேர். மடியை உதறிக் காட்டச் சொன்னது ஒருத்தியிடம் மட்டும். பதினெட்டு வருஷமாக வேலைக்கு வருகிறவளிடம்! அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மடியை உதறினாள், பூக்கூடையை வரப்பில் வைத்தாள், போய்விட்டாள். அப்புறம் வரவேயில்லை.

"நான் திருடின்னு சொல்லலையே" என்றாள் அத்தை என்னிடம். வாஸ்தவம். சொல்லவில்லைதான்.

அத்தையின் பேரன் திருநெல்வேலியில் இன்ஜினீயரிங் படிக்கிறான். அவன் ஒரு சிநேகிதனிடம் இரவல் வாங்கிய மெட்டல் டிடெக்டருடன் வந்து இறங்கினான். நீண்ட கழி, மேலே ஒரு சின்னப் பெட்டி, கீழே வட்டமாக ஒரு தட்டு. அந்தத் தட்டை அவன் 'காயில்' என்கிறான். உள்ளே தாமிரக் கம்பிச் சுருள் இருக்கிறதாம். அத்தைக்கு அது தோசைக்கல். மாற்றிப் பூட்டிக்கொள்ள இரண்டு தட்டுகள் கொண்டுவந்திருந்தான்: ஒன்று 15 அங்குலம், இன்னொன்று 6 அங்குலம்.

"பெருசா இருந்தாத்தான் ஆச்சி ஆழமாப் போவும்" என்று பெரியதைப் பூட்டினான். பகல் முழுவதும் நடந்தான். கிடைத்தது என்ன தெரியுமா? பழைய கலப்பைக் கொழு ஒன்று, மாட்டு லாடம் ஒன்று, யாரோ புதைத்துவிட்டு மறந்த இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று. கம்மல் இல்லை. "அவ கொண்டுபோயிட்டா" என்று அன்று ராத்திரி அத்தை முதல் முறையாக வாய்விட்டே சொன்னாள்.

எங்கே தவறு? இதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானப் புத்தகம் வேண்டாம். உங்கள் சமையலறையில் இருக்கும் இண்டக்ஷன் அடுப்பே போதும். அதன் கண்ணாடிக்கு அடியிலும் கம்பிச் சுருள்தான் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் திசை மாறி மாறித் துடிக்கிறது, அந்தத் துடிப்பு மேலே வைத்த பாத்திரத்துக்குள் மின்சுழலைக் கிளப்புகிறது, பாத்திரம் சுடுகிறது. டிடெக்டர் தட்டு செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் மெல்லிய மின்சுழலைக் கிளப்பி, அது திருப்பி அனுப்புகிற எதிரொலியைக் காது கொடுத்துக் கேட்கிறது.

இப்போது அதே அடுப்பில் ஒரு சின்னக் காப்பிக் கிண்ணத்தை வைத்துப் பாருங்கள். பல அடுப்புகள் கிண்ணம் இருப்பதையே ஒப்புக்கொள்ளாமல் கீச்சிடும்! சுருள் பெரிது, சாமான் சிறிது. தட்டு விஷயமும் அப்படித்தான். பெரிய தட்டு ஆழமாகப் பார்க்கும். ஆனால் குடம், கொழு, குழாய் போன்ற பெரிய சாமான்களைத்தான் பார்க்கும். பட்டாணி அளவு கம்மல் அதன் கண்ணில் படாமல் நழுவிவிடும். அதோடு பெரிய தட்டு ஒரே நேரத்தில் அதிக மண்ணைப் பார்க்கிறது. பக்கத்தில் ஓர் ஆணி கிடந்தால் ஆணியின் கூச்சலில் கம்மலின் முனகல் அமுங்கிப் போகும். சின்னத் தட்டுக்கு ஆழம் போதாது; ஆனால் அருகருகே கிடக்கும் இரண்டு சாமான்களைத் தனித்தனியே பிரித்துச் சொல்லும்.

இந்த யந்திரத்தின் பூர்வ கதையிலும் ஒரு தப்பான தேடல் உண்டு. 1881-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டுவிட்டான். ஒரு குண்டு உடம்புக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. அப்போது எக்ஸ்ரே கிடையாது. டெலிபோன் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், கம்பிச் சுருள்களை வைத்து ஒரு கருவி செய்துகொண்டு ஓடிவந்தார். ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் இரும்பு ஸ்பிரிங்குகள்! கருவி குழம்பிப் போயிற்று. அது மட்டுமா? குண்டு வலப் பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை டாக்டர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்; அங்கேதான் தேட விட்டார்கள். செப்டம்பர் 19-ந் தேதி ஜனாதிபதி காலமானார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப் பக்கத்தில் இருந்தது.

இந்தக் கதையை அத்தைக்குச் சொன்னேன். "அந்த டாக்டருக்கு நாப்பது பேருக்கு முன்னால மடியை உதறிக் காட்டச் சொல்லியிருக்கணும்" என்றாள். பிறகு ஏனோ சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தட்டின் அளவு போலவே அமைப்பும் முக்கியம். ஒரு தினுசில், பெரிய வளையத்துக்குள் சின்ன வளையம் இருக்கும். இதன் பார்வை புனல் போலக் கீழே போகப் போகக் குறுகும். சாமான் கிடக்கிற இடத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் இரும்புச் சத்து மிகுந்த மண்ணில் திணறும். மற்றொன்று 'டபிள் டி'. இரண்டு அரைவட்டங்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு பாதி அனுப்பும், மறு பாதி வாங்கும். "நம்ம சாமி மாதிரியில்ல இருக்கு!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இதன் பார்வை அரிவாள்மணை போல நடுவில் மெல்லிய நீளக் கோடாக இறங்கும். செம்மண்ணுக்கு இதுவே ஏற்றது. செம்மண்ணின் சிவப்பே இரும்பு தருகிற சிவப்புதானே? அத்தையின் தோட்டம் செம்மண். சங்கரன்கோவில் வட்டாரத்தில் கரிசலும் உண்டு. அங்கே கோடையில் பாளம் பாளமாக வெடிப்பு விடும். வெடிப்புக்குள் விழுந்த சாமானைத் தேட வேண்டுமானால் கொஞ்சம் பெரிய தட்டுதான் சரி.

நகையிலும் தினுசு உண்டு. மூடிய வளையமாக உள்ள மோதிரம் பலமாகக் குரல் கொடுக்கும். வாய் பிளந்த மெட்டிக்கு அவ்வளவு குரல் இல்லை. மின்சுழல் சுற்றி வர வழி அறுந்துவிடுகிறது அல்லவா? மெல்லிய கழுத்துச் சங்கிலி எல்லாவற்றிலும் மோசம். எத்தனை பவுன் ஆனாலும் யந்திரத்துக்கு அது துளித் துளிக் கண்ணிகளின் வரிசைதான்.

உயிரையே பணயம் வைத்து இந்தத் தட்டோடு பழகும் பெண்களும் இருக்கிறார்கள். 2009-ல் முடிந்த இலங்கை யுத்தத்தில் வடபகுதியில், முக்கியமாக முகமாலைப் பக்கம், ஏராளமான கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. 2002 முதல் அங்கே வேலை செய்துவரும் ஹேலோ டிரஸ்ட் முதலிய ஸ்தாபனங்களில் வெடி அகற்றியவர்களில் கணிசமானோர் தமிழ்ப் பெண்கள். பலர் தனியாகக் குடும்பத்தைத் தாங்கியவர்கள். பிளாஸ்டிக் வெடியில் உலோகம் துளியளவுதான் இருக்கும். சுற்றிலும் குண்டுச் சிதறல்களோ கணக்கில்லாமல் கிடக்கும். சிதறல் மிகுந்த இடத்தில் டிடெக்டரை ஒதுக்கிவைத்துவிட்டு, மண்ணை வாரியால் பையப் பைய வாரி எடுத்த இடங்களும் உண்டு. எந்த யந்திரத்தையும் எங்கே நம்பக் கூடாது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கம்பெனியின் தட்டு இன்னொரு கம்பெனியின் பெட்டிக்குப் பொதுவாகப் பொருந்தாது. ஒரே கம்பெனியிலும் மாடல் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தட்டு தண்ணீரில் நனையலாம் என்றால் பெட்டியும் நனையலாம் என்று அர்த்தமில்லை. 'தங்கத்தை மட்டும் காட்டும்' என்று எவனாவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாத்திரை சுற்றிய அலுமினியத் தாளும் மெல்லிய தங்கமும் யந்திரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே குரல்தான்.

புதையல் ஆசையும் வேண்டாம். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவை அரசாங்கக் கருவூலத்துக்குத்தான் போயின. ஆதிச்சநல்லூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். உங்கள் கொல்லையில் உங்கள் கம்மலைத் தேடினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் காலை பேரன் 6 அங்குல டபிள் டி தட்டைப் பூட்டினான். தோட்டம் முழுவதும் அலைய வேண்டாம், அன்று ஆச்சி நடந்த வழியை மட்டும் பார்ப்போம் என்று நான் சொன்னேன். நூல் கட்டி வரிசை பிரித்தோம். முற்றம் பெருக்குவது போல, ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடும்படி, தட்டைத் தரையை ஒட்டினாற்போல் மெல்ல வீசினான். கொண்டை ஊசி வந்தது. சோடா மூடி வந்தது. ஒரு காலணா வந்தது. அத்தை வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

பத்தரை மணி இருக்கும். வாய்க்கால் மடை அருகே தட்டு மெல்லிசாக ஒரு குரல் கொடுத்தது. குறுக்காக வீசினான், மறுபடியும் அதே இடம். கைக் கொத்தால் மூன்று விரற்கடை தோண்டினான். தண்ணீர் பாய்ந்து பாய்ந்து மூடிய வண்டலுக்குள் சிவப்பாக ஒரு கல் மினுங்கியது.

அத்தை அதை வாங்கிப் பார்த்தாள். துடைக்கக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். "வாங்க ஆச்சி" என்றாள். அத்தை உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்; பேச்சு வரவில்லை.

அவள் அந்த மண் ஒட்டிய கம்மலையே சற்று நேரம் பார்த்தாள்.

"திருகு கிடைச்சுதா ஆச்சி?" என்றாள்.

"இல்லளா."

"மடைக்கு மேல்பக்கம் பாக்கச் சொல்லுங்க. அன்னிக்கு நீங்க அங்கனதான் குனிஞ்சு காலைக் கழுவுனீங்க."

தோட்டத்துக்கு எப்போது வருகிறாய் என்று அத்தை கேட்டாள். இப்போது வேலை செய்யும் தோட்டத்தில் சனிக்கிழமைதான் கூலி. அதற்கு அப்புறம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள்.