தொற்று நோய்க் காலத்தில் தனியே அயல்நாடு செல்வோருக்கு



மும்பை மாநகரம் தமிழருக்கு இரண்டு வாசல்கள் உடைய இல்லமாகும். ஒரு வாசல் வழியே திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறினார்கள். மற்றொரு வாசல் வழியே அவர்களுடைய மக்கள் உழைப்பையும் கல்வியையும் நாடி வளைகுடா நாடுகளுக்கும் மேல்நாடுகளுக்கும் செல்கிறார்கள். கோவிட் நோயின் காரணமாக இந்த இரண்டாவது வாசல் 2020 மார்ச்சு 23ஆம் நாள் சாத்தப்பட்டது. வழக்கமான சர்வதேச விமானப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது 2022 மார்ச்சு 27ஆம் நாள்தான். இடைப்பட்ட காலத்தில், சில நாடுகளுடன் செய்துகொண்ட தனி ஏற்பாடுகளின்படி, கதவு சிறிதே திறந்திருந்தது. அவ்வழியே தனித்துச் சென்றவர்கள் பட்ட அனுபவம், இனி அத்தகைய காலம் வருமானால் நமக்குப் பாடமாக வேண்டும்.

மும்பைக்கு இது புதிய சோதனையன்று. 1896ஆம் ஆண்டில் இந்நகரைப் பிளேக் நோய் தாக்கிற்று. பைகுல்லாவில் இருந்த கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு நடத்திய ஹாஃப்கின் என்னும் அறிஞர், 1897 ஜனவரி 10ஆம் நாள் தாம் கண்ட தடுப்பு மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்துக்கொண்டார். அதே ஆண்டு வெனிஸ் நகரில் பல நாட்டு அரசுகளும் கூடி, பிளேக் பரவாமல் தடுக்கும் விதிகளை வகுத்தன. நோய் பயணியோடு பயணம் செய்கிறது. ஆகவே பயணியைச் சோதிக்கும் உரிமையை நாடுகள் விட்டுக்கொடுப்பதில்லை. இதை உணர்ந்தவருக்கு விதிகள் எரிச்சல் தரமாட்டா.

முதலாவது ஏற்பாடு, விதிகளை அறிவது. புறப்படும் நாடு, விமானம் மாறும் நாடு, சென்று சேரும் நாடு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. அவை திடீரென்று மாறவும் கூடும். 2021 செப்டம்பரில் பிரிட்டன் கோவிஷீல்டு தடுப்பூசியை ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தியச் சான்றிதழை ஏற்கவில்லை. அக்டோபர் 11ஆம் நாள்தான் அத்தடை நீங்கிற்று. இடையில் சென்றவர்கள், ஊசி இரண்டும் போட்டிருந்தும், தனித்திருக்க வேண்டியிருந்தது. ஆதலால் நண்பர் சொன்னதையோ சென்ற மாதம் படித்ததையோ நம்பாமல், அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் புறப்படும் வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பெயர். இது தமிழருக்கே உரிய இடர். சண்முகத்தின் மகன் முருகன் நம் வழக்கில் எஸ். முருகன். பாஸ்போர்ட்டிலோ முதலெழுத்து விரிந்து, தந்தையின் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். மராத்திய வழக்கையொட்டி எழுதிய பள்ளிப் பதிவேட்டில் பெயர் மூன்று உறுப்புகளாக இருக்கலாம். வீட்டில் எல்லாம் ஒருவரையே குறிக்கும். விமான நிலையத்தில் அவை மூவரைக் குறிக்கும். 2021ஆம் ஆண்டில் கோவின் பதிவில் பெயரைத் திருத்தவும், பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கவும் வசதி செய்யப்பட்டது. தடுப்பூசிச் சான்று, பரிசோதனைச் சான்று, பயணச் சீட்டு, காப்பீட்டுப் பத்திரம் ஆகிய நான்கிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று முன்னதாகவே ஒத்துப்பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, நாட்கணக்கு. புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே சரியான முறை. கோவிஷீல்டு ஊசிகளுக்கிடையே 84 நாள் இடைவெளி விதிக்கப்பட்டிருந்தது. கல்விக்கும் வேலைக்கும் அயல்நாடு செல்வோருக்கு 28 நாளுக்குப் பின் இரண்டாவது ஊசி போடலாம் என்று 2021 ஜூனில் சலுகை வந்தது. ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் பலவற்றுக்கு வேண்டிய மஞ்சள் காய்ச்சல் ஊசியின் சான்று, ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே செல்லுபடியாகும். பரிசோதனைச் சான்றோ இதற்கு நேர்மாறானது. 72 மணி நேரத்துக்குள் எடுத்ததையே பல நாடுகள் கேட்டன. ஊசிக்கு முந்த வேண்டும். பரிசோதனைக்குப் பொறுக்க வேண்டும்.

நான்காவது, தனிமைக்குரிய ஏற்பாடு. துணையோடு செல்பவர் நோயுற்றால் துணைவர் மருந்து வாங்குவார். தனியே செல்பவருக்கு அவரேதான் துணை. வழக்கமாக உண்ணும் மருந்துகளைத் திரும்பும் நாளுக்கு மேலும் சில வாரங்களுக்குப் போதுமான அளவில், மருத்துவர் சீட்டுடன், கைப்பையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். கோடீன், டிரமடால் போன்ற மருந்துகளுக்கு ஐக்கிய அரபு நாட்டில் முன் அனுமதி வேண்டும். காப்பீடு தொற்று நோய்க்கும் பொருந்துமா என்று கேட்டறிதல் அவசியம். தனித்திருக்க நேர்ந்தால் இரண்டு வார உணவுக்கும் உறைவிடத்துக்குமான பணம் தனியே இருக்கட்டும். சென்று சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். 2020 மே 7ஆம் நாள் தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் இடம் பெற, தூதரகப் பதிவே முதற்படியாக இருந்தது. கட்டணத்தையும் பயணிகளே செலுத்தினார்கள்.

ஐந்தாவது, வீடு. முதிய பெற்றோரை விட்டுச் செல்பவர், அவர்களுடைய மருத்துவர் பெயர், மருந்து விவரம், வங்கிக் காரியம் ஆகியவற்றை எழுதி வைத்து, நம்பிக்கையுள்ள அண்டைவீட்டார் ஒருவரிடம் பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். அவசரத்தில் மகன் உடனே திரும்ப முடியாமற் போகலாம் என்பதை முன்பே பேசிவைப்பது கொடுமையன்று, அன்பின் கடமை.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு சோதனை உண்டு. புறப்படும் நாளன்று உடல் சுடுகிறது. சீட்டுக்குக் கொடுத்த பணம் திரும்பாது; வேலையும் கைநழுவலாம். ஒரு மாத்திரையை விழுங்கி வெப்பமானியை ஏமாற்றினால் என்ன என்று மனம் கேட்கும். அதற்கு விடை தாராவியில் இருக்கிறது. அங்கே 2020 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். நெருக்கமான குடியிருப்பு, பொதுக் கழிப்பறைகள். விலகியிருக்க இடமில்லை. ஆயினும் வீடு வீடாகச் சென்று தேடி, சோதித்து, நோயுற்றோரைப் பிரித்துப் பேணியதால் நோய் கட்டுக்குள் வந்தது. அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவர் அதை உலகுக்கு எடுத்துக்காட்டினார். நோயை மறைக்காமல் வெளிப்படுத்தியதே அந்த வெற்றியின் அடிப்படை. மூடிய விமானத்தில் காய்ச்சலை மறைப்பவர் அருகிலிருப்பவரின் உயிரைப் பணயம் வைக்கிறார். மேலும், சான்றிதழ் என்பது சோதித்த நேரத்து நிலையை மட்டுமே கூறும். மறுநாளைக்கு அது பொறுப்பாகாது.

பயணத்தை ஒத்திவைப்பதற்கும் ஒரு ஏற்பாடு செய்துகொள்வது நலம்: தேதி மாற்றக்கூடிய சீட்டு, வேலை கொடுப்பவரிடம் முன்கூட்டியே பேசி வைத்த ஒரு சொல். அவை இருந்தால் உண்மை சொல்வது எளிதாகும்.

சென்று, நலமே திரும்புவீர்களாக!