பரம்பரை நோயும் பழிச்சொல்லும்

வெனிசுவேலா நாட்டின் மரக்காய்போ ஏரிக்கரையில் வாழும் மீனவக் குடும்பங்கள் பலவற்றில், நடுத்தர வயதை எட்டுவோர் தள்ளாடி நடக்கத் தொடங்குவர். கைகால்கள் தம்பாட்டில் ஆடும், பேச்சுக் குழறும். 1950களில் அங்கு பணியாற்றிய மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெற்றே முதலில் அவர்களைக் குடிகாரர் என்றே எண்ணினார். (நாமும் கள்ளின் வேலை என்றுதான் சொல்லியிருப்போம்.) பின்னரே அது ஹன்ரிங்ரன் நோய் என இனங்கண்டார்.

இந்நோய் மூளைக் கலங்களைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. உடல் ஆடத் தொடங்குமுன்பே மனச்சோர்வும் சினமும் தலைகாட்டலாம். அப்போது வீட்டார் அதை நோயென்று கருதாமல் கெட்ட குணமென்று ஏசுவர்.

ஜீன் எனப்படும் பரம்பரை அலகுகள் எமது உடலில் சோடியாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. நான்காம் நிறமூர்த்தத்திலுள்ள ஓர் அலகில் மூன்றெழுத்துக் குறியொன்று திரும்பத் திரும்ப வருகிறது. 26 தடவை வரை வந்தால் தீங்கில்லை. 40 தடவையோ அதற்கு மேலோ வந்தால், முதுமைவரை வாழும் ஒருவருக்கு நோய் வந்தே தீரும். சோடியில் ஒன்று பழுதானாலே போதும். ஆகவே பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. நாணயம் சுண்டுவது போல, ஒவ்வொரு பிறப்புக்கும் தனித்தனி. மூத்தவருக்கு வந்ததால் இளையவர் தப்பினார் என்று கணக்குப் பார்க்க முடியாது. பழுதான அலகைப் பெறாத பிள்ளையோடு அக்கிளையில் நோய் நின்றுவிடும். இதை அறியாமல் முழுக் குடும்பத்தையும் ஊர் ஒதுக்கி வைக்கிறது.

எமது கிராமங்களில் கலியாணப் பேச்சின்போது, 'அந்தக் குடும்பத்தில் பைத்தியம் உண்டாம்' என்பார்கள். ஆனால் மனச்சிதைவு நோயின் கதை வேறு. அதற்குத் தனியோர் அலகு காரணமல்ல. பல அலகுகள் சிறிது சிறிதாகப் பங்களிக்க, வாழ்க்கை நிலைமைகளும் சேர்கின்றன. பெற்றோரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தாலும், பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் அதற்கு ஆளாவதில்லை.

ஹன்ரிங்ரன் நோயின் அலகு 1993 இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏரிக்கரை மக்கள் கொடுத்த இரத்தமே அதற்கு வழிகாட்டியது. அம்முயற்சியில் முன்னின்ற நான்சி வெக்ஸ்லர் அம்மையாரின் தாயும் இந்நோயால் இறந்தவர். தமக்கும் அது உண்டென 2020 இல் அம்மையார் வெளிப்படையாகக் கூறினார். இன்று இரத்தப் பரிசோதனையால் முன்கூட்டியே அறியலாம். ஆயினும் முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. எனவே எவரையும், சம்பந்தி வீட்டார் கேட்டாலும்கூட, பரிசோதனைக்கு நெருக்குவது அநீதி என்பதே எமது கருத்து.

2017 இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்நோயாளரை வத்திக்கானில் வரவேற்றபோது, ஏரிக்கரையினரும் சென்றிருந்தனர். அவர்களுக்கென 1999 இல் திறக்கப்பட்ட பராமரிப்பு இல்லமோ 2014 இலேயே மூடப்பட்டுவிட்டது.