ஏரிக்கு ஒரு லென்ஸ், காட்டுக்கு ஒரு லென்ஸ்

சங்குவளை நாரை நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, ஐம்பது மீட்டர் தள்ளி நீருக்குள் நிற்கும் மரத்தில் அது உட்கார்ந்திருப்பதைச் செல்போனில் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. போனைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி. பொருளின் உயரத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் பெருக்கி, அது நிற்கும் தொலைவால் வகுத்தால் சென்சாரின் மேல் விழும் பிம்பத்தின் அளவு கிடைக்கும். போனின் பிரதான லென்ஸுக்குக் குவியத் தூரம் சுமார் 6 மி.மீ. ஆகவே ஒரு மீட்டர் நாரை 0.12 மி.மீ. ஆகிவிடுகிறது. 300 மி.மீ. லென்ஸில் அதே நாரை 6 மி.மீ.; 600 மி.மீ. லென்ஸில் 12 மி.மீ., அதாவது ஃபுல் ஃபிரேம் சென்சாரின் 24 மி.மீ. உயரத்தில் சரிபாதி.

இந்தக் கணக்கில் மெகாபிக்சல் எங்கும் வரவில்லை. கேமரா கம்பெனியின் பெயரும் வரவில்லை. ஆனால் பறவை எடுக்கும் ஆசையில் கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் பாடிக்கே பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, கூடவே தரும் 18-55 கிட் லென்ஸோடு திரும்பி வருகிறார். அதைக் கொண்டு கல்யாண வீட்டில் படம் எடுக்கலாம், நாரையை எடுக்க முடியாது. பாடி சுமாராக இருந்தால் போதும், லென்ஸில் பணத்தைப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

இதில் எனக்குத் துணை மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி எழுதியவர், 1996இல் மறையும்வரை இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படத்தில் பெரிய பெயர். அவர் கையாண்ட கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு கேமராவின் உடல், இன்னொன்றின் டெலி லென்ஸ் என்று தாமே இணைத்துக் கட்டியது. ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அதில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளை யானைப் படங்களை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

கடையில் இன்னொரு பேச்சும் காதில் விழும்: “ஏபிஎஸ்-சி சென்சார் வாங்குங்க சார், 400 லென்ஸ் 600 ஆயிடும்.” ஆகாது. 400 எந்தப் பாடியில் மாட்டினாலும் 400தான், பறவையின் பிம்பமும் அதே அளவில்தான் விழும். சென்சார் சிறியது என்பதால் சுற்றியுள்ள வானமும் தண்ணீரும் வெட்டுப்படுகின்றன, அவ்வளவே. ஆனால் அந்தப் பேச்சில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. இரண்டும் 24 மெகாபிக்சல் என்றால் சிறிய சென்சாரில் பிக்சல்கள் நெருக்கமாக இருக்கும். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் சிறால் மீன்கொத்தி 300 மி.மீ. லென்ஸில் 4.8 மி.மீ. உயரத்துக்கு விழும். ஃபுல் ஃபிரேமில் அது சுமார் 800 பிக்சல், ஏபிஎஸ்-சியில் 1,200க்கு மேல். கையில் பணம் குறைவாக உள்ளவருக்கு ஏபிஎஸ்-சி நல்ல தேர்வு என்பதற்கு இதுதான் காரணம்.

நிக்கான் பி1000 போன்ற, லென்ஸைக் கழற்ற முடியாத கேமராக்கள் தனி ரகம். 2018இல் வந்த அதன் மேல் 3000 மி.மீ. என்று போட்டிருக்கும். அது ஃபுல் ஃபிரேமுக்கு ஒப்பிட்டுச் சொன்ன எண். லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 539 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சென்சார் என்பதால் அந்த வித்தை நடக்கிறது. வெயிலில், பறவையின் பெயரைக் கண்டுபிடிக்கும் அளவுக்கான படம் போதுமென்றால் தாராளமாக வாங்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு அதை உறைக்குள் வைத்துவிட வேண்டியதுதான்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம், பணம் கரைவது இங்கேதான். லென்ஸில் எஃப்/4, எஃப்/6.3 என்று எழுதியிருப்பது குவியத் தூரத்துக்கும் துளையின் விட்டத்துக்கும் உள்ள விகிதம். 600 மி.மீ. எஃப்/4 என்றால் முன்கண்ணாடி 150 மி.மீ. அகலம் வேண்டும். எடை மூன்று கிலோ, விலை பத்து லட்சத்தைத் தொடும். அதே 600 எஃப்/6.3 ஆனால் 95 மி.மீ. கண்ணாடி போதும். சிக்மாவும் டாம்ரானும் விற்கும் 150-600 ஜூம்கள் இந்த வகை. எஃப்/4 இரண்டரை மடங்கு கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த இரண்டரை மடங்குக்காகத்தான் அவ்வளவு விலை.

அது உங்களுக்குத் தேவையா? பிலிம் காலத்துப் பழைய விதி ஒன்று உண்டு: நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால், ஐஎஸ்ஓ எண் எதுவோ அதன் கீழ் ஒன்று ஷட்டர் வேகம். ஐஎஸ்ஓ 400க்கு 1/400 நொடி. அதையே எஃப்/6.3க்கு மாற்றினால் சுமார் 1/2500 நொடி வரும். பறக்கும் கூழைக்கடாவின் இறக்கை நுனியை உறைய வைக்க அது போதும். வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணையிலும் கோடியக்கரையின் உப்பளங்களிலும் வெயிலுக்கா பஞ்சம்? மலிவான லென்ஸே அங்கே வேலையை முடித்துவிடும். கூந்தன்குளத்தில் அந்த 600கூட வேண்டியதில்லை. ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன, ஊர்க்காரர்கள் காவல் காக்கிறார்கள். தொலைவு பாதியானால் குவியத் தூரம் இரட்டித்த பலன் காசில்லாமல் கிடைத்துவிடுகிறது.

ஆனைமலையில் இருவாச்சியைத் தேடிப் போகிறவரின் கதை வேறு. அடர்ந்த மழைக்காட்டில் வெயிலின் நூறில் ஓரிரு பங்கே கீழே வந்து சேரும். நூறில் ஒன்று என்று வைத்தால், சற்று முன் 1/2500 கிடைத்த இடத்தில் 1/25தான் கிடைக்கும். ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றினால் 1/400. படம் மணல் மணலாக ஆகத் தொடங்கும். அங்கேதான் எஃப்/4 தன் விலையை நியாயப்படுத்துகிறது. நல்ல பாடியும் அங்கேதான் கைகொடுக்கும். 2020க்குப் பிறகு வந்த மிரர்லெஸ் பாடிகள் பல, இலைகளுக்கு நடுவே பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்து ஃபோகஸ் பிடித்துக்கொள்கின்றன.

எந்த லென்ஸாலும் தீராத ஒரு தொல்லை வெட்டவெளியில் உண்டு. வெயில் ஏற ஏறத் தரையையும் கரையையும் ஒட்டிய காற்று சூடாகி நெளியும். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையின் கால்கள் படத்தில் குழைந்து விழும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுக்கிறார்கள் சிலர். விடியலிலேயே போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவதுதான் வழி.

டிஎஸ்எல்ஆர் வைத்திருந்த பலரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழைய சந்தையில் நல்ல டெலி லென்ஸ்கள் வருகின்றன. நேரில் பார்க்காமல் வாங்கக் கூடாது. பின்மூடியைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போலக் கிளைகிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் புதிய லென்ஸுக்கும் இந்தக் கதி வரும். தோல் பையில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் சூடுகாட்டி உலர்த்தி மறுபடி போடலாம்.