பிஞ்சுக் காலில் இறுகும் வளையம்

கணுக்காலுக்கு மேல் நூல் கட்டி இழுத்தாற்போல் ஒரு பள்ளம். அதற்குக் கீழே பாதம் வீங்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்திலேயே மந்திரித்த கறுப்புக் கயிறு வேறு. இந்தப் பிறவிக் குறைக்குப் பெயர் பனிக்குட இழை இறுக்கம். அபூர்வமானதுதான், 1,200 முதல் 15,000 பிறப்புகளில் ஒன்று என்பது கணக்கு. ஆனால் முடிச்சூர்ப் பக்கம் நான் பார்க்கும் இந்தக் குழந்தைகள் மாதக்கணக்கில் தாமதித்தே வருகிறார்கள்.

கிரகணம் செய்ததல்ல

"கெரகணத்தன்னிக்கு அருவாமனையைத் தொட்டியா?" என்று பெற்றவளை என் முன்னாலேயே கேட்கிறார்கள். அவள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பனிக்குடத்தின் உள்சவ்வு கிழிந்து, அதன் இழைகள் சிசுவின் கைகால்களைச் சுற்றிக்கொள்கின்றன என்று 1965இல் மருத்துவர் ரிச்சர்ட் டார்பின் விளக்கினார். கருவிலேயே ரத்த ஓட்டம் தடைபடுவதைச் சொல்வோரும் உண்டு. கிரகண பயமே இல்லாத நாடுகளிலும் இப்படிப் பிறக்கிறார்கள். இரட்டையரில் ஒன்றுக்கு மட்டும் வருவதும் உண்டு. பரம்பரை நோயும் அல்ல, அடுத்த பிள்ளைக்கு வருமோ என்று அஞ்ச வேண்டாம். அம்மா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

உருவாதீர்கள், கட்டாதீர்கள்

விளக்கெண்ணெய் தடவி உருவினாலும் கயிறு கட்டினாலும் பள்ளம் நிரம்பாது. கால் வளரும், வளையம் வளராது; ஆழமான பள்ளம் இன்னும் இறுகும். மேலோட்டமான மடிப்பை அப்படியே விடலாம், ஆனால் எது மேலோட்டம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். பாதம் நீலம் பாரித்தாலோ வீங்கினாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.

இன்னொன்று: உதிர்ந்த தலைமுடியோ சாக்ஸின் நூலோ குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுக்குவதுண்டு. அது பிறவிக் குறை அல்ல, ஆனால் அதுவும் அவசரம். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டால் சாக்ஸைக் கழற்றி விரல்களைப் பாருங்கள்.

சிகிச்சை

பரிசோதனைக்குப் பெரும்பாலும் எக்ஸ்-ரே, ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் போதும். வளையத்தை வெட்டியெடுத்து, தோலை 'இசட்' வடிவில் வெட்டி இடம் மாற்றித் தைப்பார்கள்; ரத்த ஓட்டத்தைக் காக்க, பாதிப் பாதியாக இரண்டு தடவை செய்வதும் உண்டு. விரல்கள் ஒட்டியிருந்தால் பிரிக்கலாம். கூடவே வளைந்த பாதம் இருந்தால் மாவுக்கட்டுப் போட்டு நிமிர்த்தலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ தூரமில்லை. கை அறுவைச் சிகிச்சைக்கென்றே பெயர்பெற்ற ஸ்டான்லி மருத்துவமனையும் இருக்கிறது.

கெஞ்சிக் கேட்கிறேன்

இந்தக் குறையை முழுமையாகத் தடுக்க வழியில்லை. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். சில நேரம் அதிலேயே தெரியும். மெடிக்கல் ஷாப்பில் கருக்கலைப்பு மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். மிசோப்ரோஸ்டால் என்ற அந்த மாத்திரை போட்டும் கரு கலையாமல் பிறந்த குழந்தைகளில் கைகால் குறைகள் பதிவாகியிருக்கின்றன. கடைக்காரருக்கு உங்கள் வயிற்றில் எத்தனை வாரம் என்று தெரியாது. கர்ப்பம் வேண்டாமென்றாலும் அரசு மருத்துவமனைக்கே வாருங்கள், சட்டம் அதற்கு இடம் தருகிறது.

பிறந்த அன்றே பத்து விரலையும் இரண்டு காலையும் விரித்துப் பாருங்கள். சந்தேகமா? தீட்டுக் கழியட்டும் என்று காத்திருக்காமல் தூக்கி வாருங்கள்.